ஊதிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: கொடுங்கையூரிலிருந்து ஒரு அப்பா
2024 ஜூன் 8

பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான். ஆறாவதுலேர்ந்து ஸ்கூல் பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறான். இஞ்சினியரிங் கவுன்சலிங்குக்குப் பேர் குடுத்தாச்சு. இப்ப அது வேணாம், மியூசிக்தான் என் வேலைன்னு நிக்கிறான். திறமை இருக்கிறவன் எந்தத் தொழில்லயும் பட்டினி கிடக்க மாட்டான்னு நானும் நம்புறவன்தான். கானா பாலா சினிமா வரைக்கும் வரலையா? நம்ம வட சென்னையில வாசிச்சே குடும்பம் நடத்துறவங்க இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

ஜூன் 8, இரவு 11.40

நான் நடத்துறேன். வியாசர்பாடி. ட்ரம்பெட்தான். 22 வருஷம் ஆச்சு.

வேணாம்னு சொல்லுங்க அண்ணே. கவுன்சலிங்குக்கு அனுப்புங்க. இப்பதான் ராயபுரத்துல ஒரு சாவு ஊர்வலத்துக்கு வாசிச்சிட்டு வந்தேன். உதடு மரத்துக் கிடக்கு. மீதியை நாளைக்கு எழுதறேன்.

ஜூன் 9, காலை 10.30

நேத்து எழுதினது கோவமா தெரியுதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். கோவம் இல்ல. உங்க கேள்வியில இருந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடல. "திறமை."

எங்க வேலையில திறமையைப் பத்தி யாரும் கேட்கிறதில்ல. போன் பண்றவர் கேட்கிறது, "பதினாலாம் தேதி ஃப்ரீயா மாஸ்டர்? எத்தனை பேர் வருவீங்க, எவ்ளோ?" அவ்வளவுதான். நாங்க விக்கிறது தேதி. தை மாசத்துல ஒரே முகூர்த்தத்துக்கு மூணு வீட்ல கூப்பிடுவாங்க, ஒண்ணுக்குத்தான் போக முடியும். அப்புறம் பதினஞ்சு நாள் போன் அடிக்காது. கடை வெச்சிருக்கிறவன் இன்னைக்கு விக்காத அரிசியை நாளைக்கு விப்பான். போன தேதியை நான் யார்கிட்ட விக்கிறது?

மார்கழியில கல்யாணம் இல்ல. ஆடியில இல்ல. புரட்டாசியில பாதிப் பேர் வைக்க மாட்டாங்க. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இதோட இன்னொரு கணக்கும் சேரும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில நிக்கும். வைகாசியில முகூர்த்தம் நிறைய இருக்கும், ஆனா அந்த வீடுங்கள்ல துட்டு இருக்காது. கல்யாணத்தைத் தள்ளிப் போடுவாங்க. இல்லேன்னா பேண்டை விட்டுட்டு ஸ்பீக்கர் கட்டிக்குவாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். கடலுக்குப் போகாத வீட்ல முதல்ல நிக்கிற செலவு நாங்கதான்.

எனக்கு மாசம் சராசரி பன்னெண்டு தேதி வரும். ஒரு தேதிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு. நீங்களே பெருக்கிப் பாருங்க.

ஜூன் 9, மதியம்

மத்த நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்காங்க. விடியக்காலை மூணரைக்குக் குட்டி யானை லோடு வண்டியை எடுப்பேன். கோயம்பேட்டுல காய் ஏத்திட்டுப் பெரம்பூர், வியாசர்பாடி கடைங்களுக்கு இறக்கணும். ஒன்பது மணிக்கு முடிஞ்சிடும். வண்டி என்னுது இல்ல, ஓட்டறதுக்குக் கூலி. சாயங்காலம் ஆறு பசங்களுக்குச் சொல்லித் தர்றேன், ஆளுக்கு மாசம் 800.

ஜூன் 10, இரவு

ஒரு திருத்தம். மாசம் பன்னெண்டு தேதின்னு எழுதிட்டேன். மனசுல அப்படித்தான் பதிஞ்சிருந்தது. நேத்து ராத்திரி 2023 டைரியை எடுத்து ஒவ்வொரு பக்கமா எண்ணினேன். மொத்தம் 97. மாசத்துக்கு எட்டுதான் வருது.

சாவு 41. கல்யாணம், ரிசப்ஷன் 23. ஆடிக் கூழ், தீமிதி, சாமி ஊர்வலம் 17. சர்ச், கிறிஸ்துமஸ் 11. கட்சிக் கூட்டம், கடை திறப்பு 5. வர வேண்டியது 1,06,800 ரூபாய். அதுல 11,300 வரவே இல்ல. கைக்கு வந்தது 95,500. மாசத்துக்கு 8000 கூட ஆகல. என் வீட்டு வாடகை 6500.

எண்ணி முடிச்சதும் டைரியை மூடத் தோணாம உட்கார்ந்திருந்தேன். எப்படி இவ்வளவு தப்பா நினைச்சேன்னு யோசிச்சுப் பார்த்தேன். வெயில்ல மூணு மணி நேரம் நடந்துகிட்டே ஊதிட்டு வந்தா அடுத்த நாளும் உடம்பு அந்த வேலையிலயே இருக்கு. உதடு தடிச்சிருக்கும், கழுத்து நரம்பு இழுக்கும், சூடா எதுவும் குடிக்க முடியாது. ஒரு தேதி எனக்கு ஒன்றரை நாளா மனசுல விழுந்திருக்கு. அதான் 97 எனக்கு 140 ஆயிடுச்சு.

வாசிச்சே குடும்பம் நடத்துறேன்னு முதல் நாள் எழுதினேன் இல்லையா, அதையும் திருத்திக்கறேன். வாசிப்பு வாடகை கட்டுது. சோறு போடுறது காய் வண்டி.

ஜூன் 12

சாவு 41, கல்யாணம் 23-ன்னு பார்த்துட்டு, "ஒரு கலைஞன் சாவுக்குப் போய் ஊதலாமா, கௌரவமா கல்யாணம் மட்டும் எடுத்தா என்ன"ன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. இதுக்கு நிதானமா பதில் சொல்லணும்னு ரெண்டு நாள் வெச்சிருந்தேன்.

அம்மா, வராத அந்த 11,300 ரூபாய்ல ஒரு பைசா கூட சாவு வீட்டுப் பாக்கி கிடையாது. அத்தனையும் கல்யாணம், ரிசப்ஷன், ஒரு கடை திறப்பு. சாவு வீட்ல தூக்கறதுக்கு முன்னாடியே காசு குடுத்துடுவாங்க. தெருவுல ஒரு பெரியவர் கையில நோட்டை வெச்சுக்கிட்டு நிப்பார். பூப்பல்லக்குக்காரர், பட்டாசுக்காரர், மேளம், பேண்டு, எல்லாரையும் கூப்பிட்டு எண்ணிக் குடுத்துட்டுத்தான் "எடுங்கப்பா"ன்னு குரல் குடுப்பார். செத்தவர் பேர்ல கடன் நிக்கக் கூடாதுங்கிற பயம் இன்னும் நம்ம தெருவுல இருக்கு. வாசிக்கிறவனுக்கு முதல்ல டீ வரும், தண்ணி வரும். ஊர்வலம் நடுவுல யாராவது ஒரு அக்கா வந்து, "எங்கப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு அண்ணே, ஒரு தரம் வாசிங்க"ன்னு அழுதுகிட்டே கேட்பாங்க. நான் வாசிக்கிறதை அங்க ஒவ்வொருத்தரும் கேட்கிறாங்க. ஒரு ஸ்வரம் தப்பினாலும் தெரியும்.

கல்யாணத்துல அட்வான்ஸ் ரெண்டாயிரம் குடுப்பாங்க. ராத்திரி பத்தரைக்கு மிச்சத்தைக் கேட்கப் போனா மாப்பிள்ளையோட மாமா கையில பை இருக்கும்பாங்க. மாமா சித்தப்பாவைக் காட்டுவார். சித்தப்பா கிளம்பியிருப்பார். எங்க மாஸ்டர் ஒரு வழி வெச்சிருந்தார்: மொய் எழுதற மேஜையை மடக்கறதுக்குள்ள கேட்டுடணும். மேஜை மடங்கிடுச்சுன்னா அந்தக் காசு நம்மது இல்ல. பல வருஷமா அப்படித்தான் வாங்கறோம். அதையும் மீறி வருஷத்துக்கு ஏழெட்டு வீடு ஏமாத்திடுது. சாப்பாடு கடைசிப் பந்தி. போன ஆவணியில ஒரு மண்டபத்துல பின்வாசல் பக்கம் பாத்திரம் கழுவற இடத்துல உட்கார வெச்சாங்க. யூனிஃபார்மோட அங்க உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கௌரவம்னு நீங்க எதைச் சொல்றீங்கன்னு புரியுது. ஆனா அது வேற எங்கேயோ கட்டி வெச்ச கௌரவம். சாவுக்கு வாசிக்கிறது இன்ன சாதிக்காரன் வேலைன்னு ஊர் ஒதுக்கி வெச்சதால வந்தது. பட்டன் போட்ட சிவப்புக் கோட்டு மாட்டி ஊதுற என்னை 'மாஸ்டர்'னு கூப்பிடுற அதே ஆள், எனக்கு நாலடி முன்னாடி பறை அடிச்சிட்டுப் போற என் வயசுக்காரரை 'டேய்'ங்கிறதை ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் அன்னைக்கு ஒரே கூலி. அவர் வாசிப்பு என்னுதை விடக் கஷ்டமான வாசிப்பு.

ஜூன் 12, இரவு

சாவு வீட்டுப் பாக்கி ஒரு பைசா கூட இல்லன்னு எழுதினேன். அது சரிதான். ஆனா நாங்களே வாங்காம வந்த ஒண்ணு இருக்கு. புளியந்தோப்புல ஒரு சின்னப் பையன், டெங்கு. அவங்கப்பா எங்க கையில காசை வைக்க வந்தப்ப பெரிய ட்ரம் அண்ணன் தள்ளி நின்னுட்டார். அப்புறம் யாரும் கை நீட்டல. 41-ல அதையும் எண்ணியிருக்கேன்.

ஜூன் 15

நேத்தோட தடை முடிஞ்சிடுச்சு. இன்னைக்குக் காசிமேட்டுப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஐஸ் வண்டியும் டீசல் கேனுமா என்ன கூட்டம்னு. ஏப்ரல் முதல் வாரத்துல வாசிச்ச ஒரு பாக்கி, முதல் மீன் வந்ததும் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்த வீட்ல சொன்னா தருவாங்க.

ஒரு பெரியவர், "அந்தக் காலத்துல பிரபுக்கள் கலைஞர்களைத் தாங்கினாங்க, இன்னைக்கு யாரும் இல்ல"ன்னு எழுதியிருக்கார். ஐயா, அது நம்ம பக்கத்துலயே நடந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் சங்கீத வித்துவான் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோட மணலிக்கு வரவழைச்சு ஆதரிச்சார். அங்க வளர்ந்தப்பதான் அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் ஜார்ஜ் கோட்டையில வெள்ளைக்காரங்க பேண்டு வாசிக்கிறதைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு அவர் எழுதின சாகித்தியம்தான் நோட்டுஸ்வரம். தம்பி பாலுசாமி தீட்சிதர் ஃபிடில் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தார். பேண்டு வாத்தியத்தைக் கீழா பேசறவங்ககிட்ட இதைச் சொல்லாம நான் விடறதில்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இதே வட சென்னையில ஒரு மகான் காது குடுத்துக் கேட்ட சத்தம் எங்களுது. என்கிட்ட படிக்கிற பசங்களுக்கு முதல்ல நோட்டுஸ்வரம்தான் சொல்லித் தருவேன். ட்ரம்பெட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி உட்காரும்.

ஆனா அந்தப் பாலுசாமி தீட்சிதரும் கடைசியில எட்டயபுரம் சமஸ்தானத்துக்குப் போய்த்தான் ஆஸ்தான வித்துவானா இருந்தார். ஒரு வீட்டை நம்பி இருக்கிறவன் என்னைக்கு வேணும்னாலும் மூட்டை கட்டணும். எனக்குப் பிரபு வேணாம். பேசின காசு பேசின அன்னைக்கு வந்தா போதும்.

ஜூன் 16

எங்கப்பாவும் ட்ரம்பெட். அவர் காலத்துல ஒரு செட்டுன்னா இருபது, இருபத்தி ரெண்டு பேர். கிளாரினெட் மட்டும் நாலு. யூஃபோனியம் ரெண்டு. பெரம்பூர்ல ரயில்வேயில வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியர்கிட்ட அவர் நோட்டேஷன், அதாவது தாள்ல எழுதின இசையைப் படிச்சு வாசிக்கக் கத்துக்கிட்டார். அந்தப் பக்கம் சனிக்கிழமை டான்ஸ்னா நேரடி பேண்டு இருக்குமாம். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் எல்லாம் அப்பா வீட்ல வாசிச்சுக் காட்டுவார். அவங்க ஒவ்வொரு குடும்பமா ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு போயிட்டாங்க. சனிக்கிழமையும் போயிடுச்சு.

இப்ப எங்க செட்டு எட்டுப் பேர். ட்ரம்பெட் ரெண்டு, கிளாரினெட் ஒண்ணு, சாக்ஸ் ஒண்ணு, மிச்சம் ட்ரம்ஸும் தாளமும். கல்யாணத்துக்குச் செண்டை மேளம் கேட்கிறாங்க, டிஜே கேட்கிறாங்க. அவங்களும் பிழைக்க வந்தவங்கதான். செண்டைக்காரங்க தோள்பட்டையைப் பார்த்தா நான் வாயே திறக்க மாட்டேன், அவ்வளவு தழும்பு.

எங்க கிளாரினெட் பெரியவர் சொல்லுவார்: "இருபது பேர்ல நான் தப்பா ஊதினா கடவுளுக்குத்தான் தெரியும். இப்ப பொணத்துக்கே தெரிஞ்சிடுது." சொல்லிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் தப்பா ஊதி நான் கேட்டதில்ல.

ஜூன் 17

அந்தப் பெரியவருக்கு 71 வயசு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துல நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3000 ரூபாய் உதவித்தொகை இருக்கு. போன வருஷம் நான்தான் அவருக்கு மனு எழுதிக் குடுத்தேன். நிகழ்ச்சியில வாசிக்கிற மாதிரி போட்டோ வைக்கணும்னு தேடினோம். ஐம்பது வருஷம் வாசிச்ச மனுஷன்கிட்ட ஒரு போட்டோ இல்ல. கல்யாண ஆல்பத்துல பேண்டைப் போட மாட்டாங்க. சாவு வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. கடைசியில ஒரு சர்ச் தேர் ஊர்வலப் படத்துல மாதா சொரூபத்துக்குப் பின்னாடி அவர் முகம் பாதி கிடைச்சுது. 2007-லேர்ந்து நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் இருக்கு. பம்பை, பறை, கரகம் ஆடுறவங்க இதைப் படிச்சா உறுப்பினர் அட்டை எடுத்து வெச்சுக்குங்க. வாசிக்கிற போட்டோவும் எடுத்து வைங்க. தேதி தெரியற மாதிரி.

ஜூன் 19

"யூடியூப்ல போட்டா லட்சக்கணக்குல வருமே"ன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. சேனல்ல காசு வரணும்னா முதல்ல ஆயிரம் சந்தாதாரர், பன்னெண்டு மாசத்துல 4000 மணி நேரம் பார்த்திருக்கணும். நீள வீடியோவுக்கு விளம்பரக் காசு வர அதுதான் கணக்கு. என் அக்கா பையன் ஆரம்பிச்சுக் குடுத்தான். சினிமாப் பாட்டு ஊதிப் போட்டோம். உரிமை ஆடியோ கம்பெனிக்குப் போயிடுச்சு, விளம்பரம் வந்தா காசு அவங்களுக்கு. அது அவங்க பாட்டு, சரிதான். சொந்தமா ரெண்டு மெட்டு போட்டோம், அதை யார் தேடுவாங்க? சந்தாதாரர் 312-ல நிக்குது.

இதோட சேர்த்து இன்னொருத்தர் கேட்டது: கல்யாண ஊர்வலத்துல சினிமாப் பாட்டு வாசிக்க ராயல்டி கட்டணுமா? வேணாம். பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவுலயே மத விழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டின கொண்டாட்டத்துக்கும் விலக்கு இருக்கு. ரிசப்ஷன்ல யாராவது வந்து மிரட்டினா தைரியமா சொல்லுங்க.

2012-ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. பாட்டு எழுதினவரும் மெட்டு போட்டவரும் ராயல்டி உரிமையை எழுதிக் குடுத்தாலும் பங்கு போகாதுன்னு வந்தது, நல்ல விஷயம். ஆனா ஸ்டுடியோவுல பின்னாடி உட்கார்ந்து ஊதுறவனுக்கு அன்னைக்குக் கால்ஷீட் காசுதான். 2009-ல ஒரு படத்துக்கு நாலு ட்ரம்பெட் வேணும்னு என்னையும் கூப்பிட்டாங்க. அரை நாள். அந்தப் பாட்டு இன்னும் எங்க டீக்கடையில ஓடுது. இடையில வர்ற அந்த ட்ரம்பெட் துண்டை என் பொண்ணு வாயால வாசிச்சுக் காட்டுவா. கல்யாணத்துலயும் அதைக் கேட்கிறாங்க, வாசிக்கறேன். எனக்கு வந்தது அந்த அரை நாள் கூலி மட்டும்.

ஜூன் 20

2020-ஐப் பத்தி ஒருத்தர் கேட்டார். சுருக்கமா சொல்றேன். மார்ச் 25-லேர்ந்து ஒண்ணும் இல்ல. சாவுக்கு இருபது பேருக்கு மேல கூடக்கூடாது, அதுல பேண்டுக்கு ஏது இடம். ஆடி போச்சு, கிறிஸ்துமஸ் போச்சு. என்கிட்ட ரெண்டு ட்ரம்பெட் இருந்தது, யமஹாவை வித்துட்டேன். இப்ப வாங்கணும்னா அரை லட்சம் பக்கம் ஆகும். கையில இருக்கிறது அப்பாவோட மீரட் ட்ரம்பெட். நம்ம நாட்டுப் பேண்டு வாத்தியம் பெரும்பாலும் உத்தரப்பிரதேசம் மீரட்லேர்ந்துதான் வருது. அங்க நாதிர் அலி கம்பெனி 1885-லேர்ந்து இருக்கு. அப்பாவுது ரெண்டாவது பிஸ்டன் ஒட்டும், தையல் மெஷின் எண்ணெய் விட்டுத்தான் ஓட்டறேன். வாத்தியத்துக்கு லோன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு கேட்டாங்க. என் டைரியைக் காட்டினேன். அந்தப் பொண்ணு பொறுமையா புரட்டிப் பார்த்துட்டு, "சார், இது டைரி"ன்னாங்க.

ஜூன் 22

கொடுங்கையூர் அண்ணே, உங்க கேள்வியை விட்டு ரொம்ப தூரம் போயிட்டேன். முக்கியமானதை எழுதவே இல்ல. ஊதுறவனுக்கு மாசச் சம்பளம் இருக்கிற இடம் இருக்கு.

ராணுவம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன்ல பேண்டு இருக்கு. மத்தியப் பிரதேசம் பச்மரியில 1950-லேர்ந்து ராணுவ பேண்டுக்குன்னே பயிற்சிப் பள்ளி நடத்துறாங்க. கடற்படையிலும் விமானப்படையிலும் இசைக்கலைஞர்னு தனியா அக்னிவீர் தேர்வு வைக்கிறாங்க, வாத்தியம் வாசிச்சுக் காட்டணும். அக்னிவீர்னா நாலு வருஷம்தான், அதுக்கப்புறம் நாலுல ஒருத்தரைத்தான் வெச்சுக்குவாங்க. அதை மறைக்காம பையன்கிட்ட சொல்லுங்க. போலீஸ்லயும் பேண்டு இருக்கு. இது எல்லாத்துக்கும் நோட்டேஷன் படிக்கத் தெரிஞ்சா பெரிய பலம். சர்ச்சுல கூப்பிடறதும் ஸ்டுடியோவுல கூப்பிடறதும் படிக்கத் தெரிஞ்சவனைத்தான். காதால கேட்டு ஊதுறவன் என்னை விட நல்லா ஊதுவான், ஆனா சீட்டைக் குடுத்ததும் கை நடுங்கும்.

அரசுப் பள்ளிக்கூடத்துல பகுதிநேர ஆசிரியர்னு 2012-ல 16,549 பேரை எடுத்தாங்க. ஓவியம், உடற்கல்வியோட இசையும் அதுல ஒண்ணு. ஆரம்பத்துல மாசம் 5000. நிரந்தரம் கேட்டு அவங்க போராடாத வருஷம் இல்ல. அதை நம்பி உட்காரச் சொல்ல மாட்டேன்.

எனக்கு 19 வயசுல வெலிங்டன் போக ஒரு வாய்ப்பு வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, செட்டுல அவர் இடத்துல நான் நின்னேன். ஒரு மாசத்துக்குன்னுதான் நின்னேன்.

ஜூன் 23

தன் பேரைச் சொல்லாம ஒரு பையன் எனக்குத் தனியா எழுதியிருக்கான். "சார், நீங்க எல்லாத்தையும் எழுதினீங்க, ஏன் விடலைன்னு எழுதல."

பதில் யோசிக்கறேன்.

ஜூன் 30

இன்னைக்கு அப்பாவும் பையனும் வந்தாங்க. வீட்ல ஊத முடியாது, பக்கத்து வீட்ல கைக்குழந்தை. நான் எப்பவும் பழகறது வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் ஒரு சுவரோரம். ரயில் போற சத்தத்துல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அங்க கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல வேகமா ஒரு சினிமாப் பாட்டு வாசிச்சான். ஸ்கூல் பசங்க வாசிக்கிற மாதிரித்தான், மேல போறப்ப உதட்டை அழுத்தறான், அந்தப் பழக்கம் போகணும். அதுக்கப்புறம் சர்ச்சுல அடக்கத்துக்குப் பாடற ஒரு ஞானப்பாட்டு தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னு மெதுவா எடுத்தான். எக்ஸ்பிரஸ் ஒண்ணு கடந்து போச்சு, அவன் நிறுத்தல. சத்தம் போனப்புறம் பார்த்தா அதே ஸ்வரத்துல நிக்கிறான், அத்தனை சின்னதா, நடுங்காம. அந்த மாதிரி சன்னமா பிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆச்சு. அப்பாகாரர் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டார்.

அவன்தான் அந்த எழுத்தை எழுதினவன். கேட்கல, ஆனா தெரிஞ்சுது.

ஜூலை 1

ஜூன் 8-ஆம் தேதி 'வேணாம்'னு எழுதினதை எடுத்துக்கறேன். 'அனுப்புங்க'ன்னும் எழுத மாட்டேன். அண்ணன்கிட்ட நேர்ல சொன்னதை இங்கயும் வைக்கறேன்: காலேஜ் சேரட்டும், எதுவா இருந்தாலும் சரி. மூணு மணிக்கு முடியற படிப்பா பாருங்க. கைக்கு ஒரு தொழில் இருந்தா, மொய் மேஜை மடங்கறதுக்குள்ள ஓடற ஓட்டம் கொஞ்சம் குறையும். நோட்டேஷன் நான் சொல்லித் தர்றேன், காசு வேணாம். அப்பா எனக்குச் சொல்லித் தந்ததுக்கும் யாரும் காசு குடுக்கல.

ஏன் விடலைன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. விடணும்னு நினைச்ச நாள் இருக்கு. அன்னைக்கெல்லாம் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ஜூலை 4

"காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி ஒரு குழுவுல சேரலாமே"ன்னு ஒரு தம்பி. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல அவங்க முதல் கச்சேரிக்கு நான் போயிருந்தேன். கானாவையும் பறையையும் மேடையில வெச்சு, ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்னு கேட்டதைப் பார்த்து அழுதுட்டேன். 2020 டிசம்பர்லேர்ந்து 'மார்கழியில் மக்களிசை'யும் நடக்குது. எங்களுக்குக் கல்யாணமே வராத மாசத்துல ஒரு மேடை. அதனால தெருவுல மரியாதை கொஞ்சம் ஏறியிருக்கு, கண்ணால பார்க்கறேன். தேதி இன்னும் ஏறல. கானா பாலா வக்கீலுக்குப் படிச்சவர்ங்கிறதையும் தம்பி ஞாபகம் வெச்சுக்கணும்.

ஜூலை 9, இரவு

பையன் இன்னைக்கு எங்களோட வந்தான். புளியந்தோப்புலேர்ந்து மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும். எங்க ரெண்டாவது ட்ரம்பெட்காரருக்குக் காய்ச்சல். கேட்கலாமா வேணாமான்னு யோசிச்சுத்தான் போன் பண்ணினேன். அம்மா முதல்ல ஒத்துக்கல. "எம் புள்ள பொணத்துக்கு முன்னாடி ஊதணுமா?"ன்னு கேட்டது ஸ்பீக்கர்லயே கேட்டுது. அப்பா என்ன சொன்னார்னு தெரியல. ரெண்டு மணிக்கு வெள்ளைச் சட்டையோட வந்து நின்னான்.

செத்தவங்க 80 வயசுப் பாட்டி. பேரன் பேத்தியெல்லாம் ஆடற சாவு. மொதல் தெரு முழுக்க பையன் என் முகத்தையே பார்த்துட்டு இருந்தான், எந்த இடத்துல நிறுத்தறேன்னு. ரெண்டாவது தெருவுல ஒரு வயசானவர் குறுக்க வந்து ரெண்டு கையையும் தூக்கி நிறுத்தினார். பாட்டியோட தம்பி. குடிச்சிருந்தார். "ஆடறது போதும், எங்க அக்காவுக்குத் தாலாட்டு வாசிங்க"ன்னார். தாலாட்டு. எனக்கே சட்டுனு ஒண்ணும் தோணல. பையன் எடுத்தான். அவங்க அம்மா அவனுக்குப் பாடினதாம், ராகம் மட்டும் வாசிச்சான். ட்ரம்ஸ் அண்ணன் குச்சியை இடுப்புல சொருகிட்டார். தெரு அப்படியே நின்னுது. பெரியவர் கீழ உட்கார்ந்து தரையில தட்டித் தட்டி அழுதார்.

கூலி 700. தூக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாங்க. அதை எண்ணாம சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். எண்ணச் சொன்னேன். குடுக்கறவர் எதிர்லயே எண்ணணும், அது மரியாதைக் குறைவு இல்ல.

ஜூலை 10

அண்ணே, பையனுக்குக் கீழ் உதடு வெடிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. பயப்படாதீங்க. வெயில்ல மவுத்பீஸ் சுட்டிருக்கும், அவன் அழுத்தி வாசிக்கிறவன் வேற. ராத்திரி நெய் தடவுங்க. நாக்கால ஈரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லுங்க, காயம் பெருசாகும். ஊறுகாய், காரம் வேணாம். நாலு நாள் வாத்தியத்தைத் தொட விடாதீங்க. அஞ்சாவது நாள் மவுத்பீஸை மட்டும் எடுத்து அஞ்சு நிமிஷம் ஊதட்டும்.

ஆடி ரெண்டாவது ஞாயிறு, ஜூலை 28, கொருக்குப்பேட்டையில அம்மன் கோயில் கூழ். காலையில ஏழு மணி. உதடு ஆறியிருந்தா வரச் சொல்லுங்க. கோட்டு என்கிட்ட ஒண்ணு இருக்கு, கை மட்டும் கொஞ்சம் மடிச்சுத் தைக்கணும். கருப்பு ஷூ இருந்தா போட்டுட்டு வரட்டும். அவங்க அம்மாவும் வந்தா கூழ் வாங்கிட்டுப் போகலாம்.